தெரிந்தும் செய்யாமல் போவது

விதியை நம்பி உட்கார்ந்திருப்பதால்தான் ஏழை விவசாயி முன்னேறவில்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. நான் கல்லூரியில் பொருளியல் நடத்தியவன். திருக்குறளில் ஊழுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டில் எது வெல்லும் என்று அப்பாவும் பெரியப்பாவும் திண்ணையில் வாதாடியதைக் கேட்டு வளர்ந்தேன். அந்த வாதத்தை நான் புதிதாக யோசிக்க வைத்தது மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டம்.

அங்கே எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் மக்காச்சோள விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே சிறு பாத்திகள் ஒதுக்கி உரத்தைச் சோதித்தார்கள். செடிக்கு அரைத் தேக்கரண்டி மேலுரம் போட்டால் நல்ல லாபம். ஒரு தேக்கரண்டி போட்டால் லாபமில்லை. வீரிய விதை, அடியுரம், மேலுரம் என்று வேளாண் அமைச்சகம் பரிந்துரைத்த முழுத் தொகுப்போ சராசரி விவசாயிக்குக் கட்டுப்படியாகவே இல்லை. அதை வேண்டாம் என்றவர்களை அறியாதவர்கள் என்று எந்த வாயால் சொல்வது? பலன் தெரிந்தும் வீரிய விதையை வாங்காத சிலருக்கு, அதைப் போய் வாங்கிவரும் செலவே தடையாக இருந்ததை 2011-இல் பொருளியலாளர் தவ்நீத் சூரி காட்டினார்.

அரைத் தேக்கரண்டிக் கதை வேறு. பலனைத் தங்கள் நிலத்திலேயே கண்டவர்கள் அடுத்த பருவத்தில் உரம் போடப்போவதாக ஏறக்குறைய எல்லாருமே சொன்னார்கள். போட்டவர்கள் பாதிக்கும் குறைவு. விருப்பமில்லாத மனிதனையும் தவறு செய்ய வைப்பது எது என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அருச்சுனன் கேட்பான். கண்ணன் ஆசையையும் சினத்தையும் காட்டுவான். புசியாவில் கிடைத்த பதில் நாள்காட்டியில் இருந்தது. அறுவடை முடிந்ததும் கையில் காசு இருக்கும், உரத்தின் தேவை தொலைவில் இருக்கும். மேலுரம் போடும் நாள் வரும்போது காசு வேறு வழியில் போயிருக்கும்.

ஆகவே அறுவடை முடிந்த கையோடு ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். விலையில் தள்ளுபடி இல்லை. இப்போதே பணம் கட்டினால் உரத்தை வீட்டில் கொண்டுவந்து தருவோம், அவ்வளவுதான். உரம் போடுவோர் தொகை 47 முதல் 70 சதவீதம் வரை கூடியது. அதே சலுகையை மேலுரம் போடும் காலத்தில் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை. அப்போது விலையைப் பாதியாகக் குறைத்தால்தான் அதே அளவு பலன் கிடைத்தது.

முயற்சி முழுக்க ஒருவனுடைய நெஞ்சுக்குள் ஊறுவது என்று அப்பா நம்பினார். நான் அப்படி நம்பவில்லை. மாதாமாதம் சம்பளம் என் கைக்கு வருமுன்பே வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றபோது அந்தத் தொகையைப் பார்த்து என்னைச் சிக்கனக்காரர் என்று உறவினர்கள் மெச்சினார்கள். என் மனவுறுதி அங்கே சோதிக்கப்படவே இல்லை. இப்படி வீடு தேடிப் போவதால் விவசாயியின் சுதந்திரம் குறைகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாசலுக்கு வந்த சலுகையை வேண்டாம் என்று சொன்னவர்களும் ஏராளம், அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

ஆட்கள் வருவது நின்றதும் உரம் போடுவோர் தொகை பழைய நிலைக்கே திரும்பியது. பார்த்தீர்களா, குணம் மாறவில்லை என்கிறார்கள் மேடைப் பேச்சாளர்கள். என் சம்பளப் பிடித்தத்தை நடுவில் நிறுத்தியிருந்தால் நானும் அந்த விவசாயிகளைப் போலத்தான் ஆகியிருப்பேன். ஆனால் என்னைப் பற்றி, விதியை நம்பிக் கெட்டவன் என்று யாரும் மேடையில் பேசியிருக்க மாட்டார்கள்.