கடவுச்சீட்டும் மனிதனும்

உங்கள் வீட்டு அலுமாரியில் நகையோடு நகையாகக் கடவுச்சீட்டும் பத்திரமாக இருக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய பெற்றோர் பலர். அச்சிறு புத்தகத்தின் அருமையை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு கேள்வி. சீட்டு இருப்பதால் மனிதனுக்கு உரிமையா? மனிதன் என்பதால் அவனுக்குச் சீட்டா?

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் சான்று ஏது? தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதே ஆண்டு டிசம்பர் 10இல், நாட்டுரிமை எவர்க்கும் உண்டென ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது!

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர் கைகளிலும் கடவுச்சீட்டு இருந்தது. நமக்கு அது வாசலைத் திறக்கும் திறவுகோல். அவர்களுள் பலருக்கோ பிறந்த மண்ணைவிட்டுப் போகச் சொன்ன கட்டளை. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சீட்டு மனிதனுக்குச் சாட்சி. அவனை ஆக்குவது அதுவன்று. சாட்சி இல்லையென்பதற்காக ஆளையே மறுப்பது அநீதி.

சட்டத்தைக் குறைகூறுவது எளிது. உங்கள் வீட்டில் உழைக்கும் மலையகச் சகோதரியிடம் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் உண்டோ என்று என்றாவது கேட்டதுண்டா? இல்லையேல், அவருக்காக ஒரு நாள் கச்சேரிப் படியேறுங்கள்.