நித்திய கருமமும் நிலைத்த இன்பமும்

இன்பம் வேண்டாதார் உலகில் இலர். ஆயின், இன்பதுன்பங்கள் பிராரத்த வினைப்பயனாய் வருவன என்பது சித்தாந்தத் துணிபாகலின், நாடோறுஞ் செய்யும் ஒழுக்கத்தாற் பயன் யாதென வினவுவார் சிலர். அவர்க்கு யாம் கூறுவது இது: வந்த வினை நுகர்ந்தே கழியும், நுகருங்கால் யான் எனதென முனைந்து, விருப்பு வெறுப்புக்கொண்டு ஆகாமியம் ஈட்டாதிருத்தலே ஒழுக்கத்தின் பயனாம்.

வைகறைத் துயிலெழுதல், திருநீறணிதல், ஐந்தெழுத்தோதல், திருமுறை பாராயணம், ஆலயந் தொழுதல், அடியாரோடு இணங்கல் என்னும் இவை சிறியனபோலத் தோன்றினும், நாடோறும் அம்முனைப்பைத் தேய்ப்பன. அப்பரடிகள் வாகீசரெனப் போற்றப்பட்டும் உழவாரப்படையைக் கைவிட்டிலர். சிவஞானபோதமும் தன் 12ஆம் சூத்திரத்தில், மலங்கழுவிய ஞானிக்கும் அடியார் கூட்டுறவையும் ஆலய வழிபாட்டையுமே விதித்து முடிந்தது.

நூலுணர்ச்சி மிக்காருட் சிலர், ஞானம் பேசுதலே அமையுமென்று சந்தியுஞ் செபமும் நெகிழவிடுகின்றனர். பின்னர்ச் சிறியதோர் இகழ்ச்சிக்கும் உள்ளங் கொதிக்கின்றனர். கற்றது உள்ளத்திற் றங்காமைக்கு அதுவே சான்று.

ஆதலின், மெய்யன்பர்களே, நாளையென்னாது இன்றே ஒரு நியமத்தையேனும் வழுவாது கைக்கொள்ளுமின். இன்பங் கருதி அதனைச் செய்யற்க, சிவப்பணியென்றே செய்ம்மின். முனைப்பொழிந்த உள்ளத்தில் திருவருளின்பம் தானே விளங்கும்.

சிவம்.