செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

ஒருவன் பிறனிடம் ஊதியம் பெற்று ஊழியம் செய்கிறான். தலைவன் செய்யப் புகும் காரியம் தவறென்று அவ்வூழியனுக்கு ஐயமறத் தெரிகிறது. அப்போது அவன் செய்யற்பாலது யாது? வாய்மூடிப் பணிவதா, வேலையைத் துறந்து வெளியேறுவதா, ஊரறியச் சொல்வதா? தமிழராகிய நாம் இவ்வினாவுக்குச் செஞ்சோற்றுக் கடன் என்னும் ஒரு சொல்லால் விடை கூறிப் பழகிவிட்டோம். துரியோதனன் பக்கம் நியாயமில்லையென்று அறிந்தும் கர்ணன் அவனுக்காகவே போர்செய்து மடிந்தான். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். ஆதலின் அவன் உயர்ந்தோன் என்கிறோம். கூத்தில் கர்ணன் விழும்போது கண் கலங்காதார் இலர். ஆயின் அந்தச் சோறு யாருடையது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இக்காலத்து அரசாங்க உத்தியோகஸ்தர் திறத்தில் இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். அவருக்குக் கட்டளையிடுபவர் மந்திரி, சோறிடுபவர் மந்திரியல்லர். சம்பளம் குடிகளின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. கட்டளை ஓரிடத்தினின்றும் சோறு மற்றோரிடத்தினின்றும் வரும்போது, கடன் எவர்க்கு என்பது எளிதில் தீராத வழக்காகும். பிரிட்டிஷ் பார்லிமெண்டு இவ்வழக்கை நூற்றறுபது ஆண்டுகளாகத் தன் குழு அறைகளில் நடத்தி வருகிறது. அங்கே அளிக்கப்பட்ட சாட்சியங்களுள் பேர்பெற்ற ஒன்று நமது கிளந்தான் மாநிலத்து ஆற்றைப் பற்றியது. ஆதலின் இதனை அயலார் விவகாரமென்று நாம் ஒதுக்குதற்கில்லை.

அங்குள்ள ஏற்பாட்டை முதலில் சிறிது அறிந்துகொள்வோம். 1854-இல் நார்த்கோட், டிரெவெல்யன் என்னும் இருவர் எழுதிய அறிக்கை, சிபாரிசினால் உத்தியோகம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்துத் தேர்வு வைத்துத் தகுதியறிந்து எடுக்க வேண்டுமென்றது. 1861-இல் கிளாட்ஸ்டன் முயற்சியால் பொதுக் கணக்குக் குழு நிலைபெற்றது. 1866-இல் தணிக்கைச் சட்டம் வந்தது. இவற்றின் வழியாக நாளடைவில், ஒவ்வோர் இலாகாவின் நிரந்தரக் காரியதரிசியும் அவ்விலாகா செலவிடும் பணத்துக்குத் தாமே பொறுப்பேற்று, அக்குழுவின்முன் தம் வாயால் விடை கூறுபவரானார். தலைமைத் தணிக்கை அதிகாரி கணக்கை ஆராய்ந்து அறிக்கை தருவார். குழு காரியதரிசியை அழைத்துக் கேட்கும். அக்குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராயிருப்பது மரபு.

1979-இல் ஒவ்வோர் இலாகாவையும் கவனிக்கத் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. இவற்றின்முன் உத்தியோகஸ்தர் பேசும் முறை வேறு. ஆஸ்மதர்லி என்னும் அதிகாரியின் பெயரால் 1980 முதல் வழங்கும் விதிகளின்படி, அவர் மந்திரியின் சார்பாகவே, மந்திரியின் உத்தரவுக்குட்பட்டே பேசுதல் வேண்டும். கொள்கையைப்பற்றித் தம் சொந்த அபிப்பிராயம் கூறலாகாது. ஆகவே ஒரே மனிதர் ஓர் அறையில் தமக்காகவும் மற்றோர் அறையில் பிறர்க்காகவும் பேசுகிறார். பணத்தைப்பற்றிக் கேட்டால் அவர் குடிகளின் கணக்கர்; கொள்கையைப்பற்றிக் கேட்டால் மந்திரியின் குரல். விசித்திரமான ஏற்பாடுதான்.

இதன் இறுக்கத்தை ஒரு வழக்கு வெளிப்படுத்திற்று. 1982-ஆம் ஆண்டின் பால்க்லாந்துப் போரில் பெல்கிரானோ என்னும் அர்ஜென்டீனக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதைப்பற்றிப் பார்லிமெண்டுக்கு உண்மை சொல்லப்படவில்லை என்று ராணுவ இலாகாவிலிருந்த கிளைவ் பாண்டிங் கருதினார். 1984-இல் காகிதங்களைச் சபை அங்கத்தினர் ஒருவருக்கு இரகசியமாக அனுப்பினார். வழக்குத் தொடரப்பட்டது. தேசத்தின் நலன் யாதென்று தீர்மானிப்பது அன்றைய அரசாங்கமே என்னும் கருத்தை நீதிபதி எடுத்துரைத்தும், 1985 பிப்ரவரியில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியல்லர் என்றனர். அதே மாதத்தில் உத்தியோக வர்க்கத்தின் தலைவராயிருந்த சர் ராபர்ட் ஆம்ஸ்டிராங் ஒரு குறிப்பு விடுத்தார். உத்தியோகஸ்தர் முடிக்கு ஊழியர். நடைமுறையில் முடியென்பது அன்றைய அரசாங்கமே. அதனின் வேறான பொறுப்பு அவர்க்கில்லை என்பது அதன் சாரம். துரியோதனனும் கர்ணனுக்கு இதனினும் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டான்.

இனிக் கிளந்தானுக்கு வருவோம். பெர்காவ் ஆற்றை மறித்து 600 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்குப் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவிப் பணத்திலிருந்து 23 கோடியே 40 லட்சம் பவுன் கொடுக்க ஏற்றது. அதன் வேர் ஆயுத வியாபாரத்தில் இருந்தது. 1988 மார்ச்சில் ராணுவ மந்திரி ஜார்ஜ் யங்கர் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட குறிப்பொன்று, மலேசியா வாங்கும் ஆயுதங்களின் விலையில் 20 சதவீதத்துக்கு நிகராக உதவி வரும் என்பதாக இரண்டையும் முடிச்சிட்டது. அது முறையன்றென்று லண்டனில் உணர்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பதாகக் கடிதம் எழுதினர். செப்டம்பரில் மார்கரெட் தாட்சரும் டாக்டர் மகாதீரும் ஆயுத ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டனர். 1989 மார்ச்சில் தாட்சர் அணைக்கட்டுக்கு உதவுவதாக வாக்களித்தார். வாக்களித்த சில நாட்களிலேயே 31 கோடியே 60 லட்சம் பவுனாயிருந்த மதிப்பீடு 39 கோடியே 70 லட்சமாக உயர்ந்தது. வாக்கு வாக்காகவே நின்றது.

உதவி இலாகாவின் பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டனர். எரிவாயுவால் மின்சாரம் எடுப்பதே மலிவு. அதை விடுத்து இவ்வணையைக் கட்டினால், மலேசியாவில் மின்சாரம் உபயோகிப்போர் 35 ஆண்டுகளில் 10 கோடி பவுன் அதிகமாகக் கொடுக்க நேரும் என்று கண்டனர். உதவி என்னும் பெயரால் வந்த பணம் உதவி பெற்றோர் தலையிலேயே சுமை ஏற்றும் என்பது அக்கணக்கின் பொருள். அவ்வாறு சுமப்போரில் பட்டணத்துக் கடைக்காரரும் உளர். தோட்டத்து வீட்டில் மாலையில் விளக்குப் போடுபவரும் உளர்.

அவ்விலாகாவின் நிரந்தரக் காரியதரிசி டிம் லாங்கெஸ்டர். இத்திட்டம் வேண்டாமென்று அவர் மந்திரிகளுக்கு எழுதினார். கொடுத்த வாக்கும் வியாபாரமும் கெடலாகாதென்று கருதிய வெளிநாட்டு மந்திரி டக்ளஸ் ஹர்ட் முதலானோர் பணம் கொடுக்கத் தீர்மானித்தனர். லாங்கெஸ்டர் வேலையை விடவில்லை. பத்திரிகைக்காரரைத் தேடிச் செல்லவுமில்லை. பணத்துக்கேற்ற பயன் தராத இச்செலவை எழுத்துமூலமான ஆணையின்றிச் செய்ய இயலாதென்று தெரிவித்தார். 1991-இல் எழுத்தாணை வந்தது. பணத்தைக் கொடுத்தார்.

1993 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. 1994 ஜனவரியில் பொதுக் கணக்குக் குழு லாங்கெஸ்டரை அழைத்துக் கேட்டது. இத்திட்டம் உதவிப் பணத்தின் துஷ்பிரயோகமென்றே தாம் கருதியதாகவும், அவ்வாறே மந்திரிகளுக்கு எடுத்துரைத்ததாகவும் அவர் ஒளியாமல் கூறினார். அதன்பின் காரியங்கள் விரைந்தன. லண்டன் பத்திரிகைகளின் எழுத்தால் வெகுண்ட நம் அரசாங்கம் பிப்ரவரியில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசாங்க ஒப்பந்தங்கள் இல்லையென்று விலக்கிச் செப்டம்பரில் அவ்விலக்கை நீக்கிற்று. நவம்பரில் லண்டன் உயர் நீதிஸ்தலம், பொருளாதார வகையில் ஒவ்வாத இத்திட்டத்துக்கு உதவிச் சட்டத்தின்கீழ்ப் பணம் கொடுத்தது சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. அணையோ கட்டி முடிந்து நிற்கிறது.

தவறென்று தெரிந்தும் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் கையில் கறையில்லையா என்று வாசகர் கேட்கலாம். கேட்கத் தக்கதே. ஆயினும் மந்திரி குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். காரியதரிசி அவ்வாறு வந்தவரல்லர். தம் அறிவுக்கு ஒவ்வாதவற்றையெல்லாம் உத்தியோகஸ்தர் தடுத்து நிறுத்தத் தலைப்பட்டால், நாட்டை ஆள்வோர் யாவரும் தேர்ந்தெடுக்காத எழுத்தர்களாகி விடுவர். அவர்களுள் நல்லோரும் இருப்பர், அல்லாதோரும் இருப்பர். அவர்களை நீக்க நம் கையில் ஓட்டு இல்லை. சோறிட்ட குடிகள் உத்தியோகஸ்தரிடம் வேண்டுவது தமக்குப் பதிலாக அவர் ஆளவேண்டும் என்பதன்று. தம் பணத்தைக்கொண்டு இருளில் ஒன்றும் நடவாதபடி பார்க்கவேண்டும். கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். லாங்கெஸ்டர் அக்கடனைத் தீர்த்தார் என்பது என் துணிபு. பாண்டிங்கை யான் இழித்துரைக்க மாட்டேன். ஆனால் எவரும் அவரவர் மனச்சாட்சியின்படி கட்டுகளை அவிழ்த்து அனுப்பலாமென்று விதி செய்தல் இயலாது.

எழுத்தில் கேட்பது சிறு காரியமென்று எவரும் எண்ண வேண்டாம். தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்ப்பவன் யான். இன்ன செலவை இன்ன கணக்கில் ஏற்று, இத்தனை பேரைச் செக்ரோலில் அரைநாளாகப் போடு என்று வாய்ச்சொல்லாகக் கட்டளை பிறக்கும். ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் துரை என்று கேட்பவனை மேலிடம் எந்தக் கண்ணால் நோக்கும் என்பது தோட்டத்தில் உழைப்போர்க்குத் தெரியும். பெரும்பாலும் சீட்டு வராது. அக்கட்டளையும் மறுநாள் காணாமற் போய்விடும். கையெழுத்திடத் துணியாத கட்டளைகள் அத்துணை மலிந்திருக்கின்றன! பின்னர் ஒருநாள் தலைமைக் காரியாலயத்திலிருந்து தணிக்கையாளர் வருவார். துரை பக்கத்து நாற்காலியில் வீற்றிருக்கக் கிராணியைக் கேட்பார். எல்லாம் சரியாயிருக்கிறது ஐயா என்பதே எங்கும் வழங்கும் விடை. பொய்யில் விருப்பமிருந்து சொல்வதன்று. தணிக்கையாளர் மாலையில் போய்விடுவார். துரை மறுநாள் காலைப் பெரட்டில் நிற்பார்.

ஆகவே உத்தியோகஸ்தரின் மனச்சாட்சி தனியே நின்று பயன் தருவதில்லை, கேட்பார் வேண்டும். 1991-இல் எழுதிய அவ்வாணையைத் தணிக்கையாளர் தேடாமலும் குழு கேளாமலும் விட்டிருந்தால், அது இன்றும் ஏதோ ஒரு கட்டினுள் உறங்கிக்கொண்டிருக்கும். பயனில்லாச் செலவுபற்றிய எழுத்தாணையைத் தணிக்கை அதிகாரிக்கு அனுப்பவேண்டுமென்ற கட்டாயம் அந்நாளில் இல்லை. பெர்காவுக்குப் பின்னரே அது திருத்தப்பட்டது. இப்போது அத்தகைய ஆணை பிறந்தவுடன் தணிக்கை அதிகாரிக்குச் செல்கிறது; இரகசியம் காக்கவேண்டிய காரணமிருந்தாலன்றிப் பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிடப்படுகிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உத்தியோகஸ்தர்க்கு நேர்மை, வாய்மை, பற்றற்ற நோக்கு, பட்சபாதமின்மை ஆகிய நான்கையும் கடமையாக்கிற்று. 2015 முதல் பொது நிர்வாகத்தையும் அரசியலமைப்பையும் ஒருங்கே கவனிக்கும் குழுவொன்றும் காமன்ஸ் சபையில் இருந்து வருகிறது.

இவ்வளவும் இருந்தும் குழுக்களின் கையில் பிரம்பில்லை. அறிக்கை எழுதலாம், அரசாங்கம் இரண்டு மாதங்களில் மறுமொழி தருவது வழக்கம், இணங்கவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. 2018-இல் டொமினிக் கம்மிங்ஸ் என்பவர் ஒரு குழு அழைத்தும் வர மறுத்தார். 2019 ஏப்ரலில் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. ஜூலையில் அவர் புதிய பிரதம மந்திரியின் ஆலோசகராகி டவுனிங் தெருவில் அமர்ந்தார்.

நம் பார்லிமெண்டிலும் பொதுக் கணக்குக் குழு உண்டு. 2015-இல் அது 1எம்டிபி நிறுவனத்தின் கணக்கை விசாரித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் குழுத் தலைவரும் அங்கத்தினர் மூவரும் மந்திரி, துணை மந்திரிப் பதவிகளில் அமர்த்தப்பட்டனர். விசாரணை நின்றது, அக்டோபரில் புதிய தலைவர் வந்தபின்னரே தொடர்ந்தது. ஒரு குழுவின் வாயை அடைக்கச் சட்டம் வேண்டியதில்லை என்பதை அன்று கண்டோம். 2016 ஏப்ரலில் குழுவின் அறிக்கை சபைக்கு வந்தது. அதற்கு ஆதாரமான தணிக்கை அறிக்கையோ இரகசியச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டு, ஆட்சி மாறியபின் 2018 மே மாதத்திலேயே வெளிப்பட்டது.

அவ்வறிக்கை குழுவின் கைக்குச் செல்லுமுன், 2016 பிப்ரவரியில் அரசாங்கத் தலைமைக் காரியதரிசி கூட்டிய கூட்டத்துக்குப்பின் சில பகுதிகள் மாற்றப்பட்டன. தணிக்கை அலுவலகத்துப் பெண் அதிகாரி ஒருவர், பேனாப் பெட்டியுள் ஒரு கருவியை வைத்து அக்கூட்டத்தின் பேச்சைப் பதிவு செய்ததாகவும், பழைய படிகளை அழிக்கச் சொன்னபோது ஒன்றை அழியாமல் காத்ததாகவும் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் கூறினார். அம்மாற்றம்பற்றிக் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் பிரதமரையும் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகியையும் 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அது சட்டத்தின் முடிவு. அதில் யான் தலையிடேன். அப்பெண்மணியைப்பற்றியே என் நினைவெல்லாம். மேலதிகாரிகள் அறியாமல் பதிவு செய்தது முறையா என்று கேட்போர்க்கு, முறையான வழி எதுவாக இருந்தது என்று யான் திருப்பிக் கேட்பேன். லாங்கெஸ்டருக்கு எழுத்தாணையும் அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் இருந்தன. இவருக்கு இருந்தது ஒரு பேனாப் பெட்டி. இவர் காத்த படி, கேட்பார் வருமளவும் இரண்டாண்டுக்குமேல் காத்திருந்தது.