தேர்வு யாருடையது?

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, நூல்களைப் பரிசாக அளித்து மகிழ்கிறோம். கைதட்டல் ஓய்வதற்கு வெகுநேரம் ஆகிறது. மகிழத்தக்க காட்சிதான்; ஐயமில்லை. ஆயினும், அவ்வேளையில் அரங்கின் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சியும் புலப்பட்டிருக்கும். அதே ஆண்டில் அதே தேர்வை எழுதிய வேறு சில பிள்ளைகளின் பெற்றோர், பரிசளிப்புத் தொடங்குமுன்னரே எழுந்து சென்றிருப்பார்கள். அப்பிள்ளைகளோ விழாவுக்கே வந்திருக்கமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு எழுந்து சென்றவர்களுள் நாமும் இருந்தோம். அன்றிரவு வீடு திரும்பும் வழியில் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தேர்வு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வினாக்களுக்கு விடையெழுதி நம் அறிவை அளந்து காட்டுவதும் தேர்வு. பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து எடுத்துக்கொள்வதும் தேர்வு. பள்ளியிறுதி ஆண்டில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து ஒரே வாயிலில் நிற்கின்றன. முதலாவதைப் பிள்ளைதான் எழுதியாக வேண்டும்; அதில் நமக்கு இடமில்லை. இரண்டாவதைச் செய்ய வேண்டியவர் யார்? பெற்றவரா, பிள்ளையா? அன்பின் பெயரால் நாம் எதுவரை செல்லலாம்? எங்கே நின்றுவிட வேண்டும்? இவற்றை ஆற அமர எண்ணிப் பார்ப்போமாக.

அச்சத்தின் வேர்

பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடுவது எளிது, அறமாகாது. அக்கவலைக்கு வேர் உண்டு. நம்முள் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தில்லிக்கும் பம்பாய்க்கும் புறப்பட்டபோது, அவர்கள் தகரப் பெட்டிக்குள் இருந்த செல்வம் யாது? ஓர் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் தேறியமைக்குரிய தாள்கள், ஊர்க்காரர் ஒருவருடைய முகவரி. இவ்வளவே. கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் ஓர் அறையை நால்வர் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த அந்நாளில், நிலமும் கடையும் உறவும் இல்லாத ஊரில், அந்தத் தாள்களே அவர்களுக்குச் சோறு போட்டன. சான்றிதழே வாழ்வு என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஊறிப்போனதற்கு இதுவே காரணம். அது பேராசையன்று, பட்டறிவு.

பள்ளியிறுதி ஆண்டின் அமைப்பும் அக்கவலையை வளர்க்கிறது. கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக்குழு 1966இல் அளித்த அறிக்கையில் பத்து, இரண்டு, மூன்று என்னும் முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இம்முறையின்கீழ்ப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முதன்முதலாக நடத்தியது 1979இல். அதற்கு முன்னர்த் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்து, புகுமுக வகுப்பு என்ற பெயரில் ஓராண்டு கல்லூரியில் கழிந்தது. சுற்றுமுற்றும் பார்ப்பதற்கு இளைஞனுக்கு ஒரு சிறு இடைவெளி கிடைத்தது. இன்றோ, சனவரியில் செய்முறைத் தேர்வு. பிப்ரவரி நடுவில் எழுத்துத் தேர்வின் தொடக்கம். அதற்கு முன்னும் பின்னுமாகச் சனவரியிலும் ஏப்ரலிலும் பொறியியல் நுழைவுத் தேர்வு. மருத்துவம் பயில விரும்பினால் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 சேரும், தவறான விடைக்கு 1 குறையும். பதினேழு அகவைப் பிள்ளையின் தலைமேல் ஒரே ஆண்டில் இத்தனையும் வந்து விழுகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதற்குமேலும் ஒரு சிக்கல் உண்டு. எம்மாநிலத்தார் நாம் என்னும் கேள்வி, பிறநாளில் சங்க மேடைப் பேச்சுக்கு உரிய பொருளாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது விண்ணப்பத் தாளில் வந்து நிற்கிறது. தில்லி அரசின் பொறியியல் பல்கலைக்கழகங்களில் 85 விழுக்காட்டு இடங்கள் தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உரியவை. வெளியூரில் பயின்ற தமிழ்ப் பிள்ளை தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கேட்க வேண்டுமானால், தன் குடும்பம் அம்மண்ணுக்குரியது என்பதற்குப் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். ஆக, பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனால், அச்சம் உண்மையானது என்பதனால் அச்சத்தின் ஆணைகளெல்லாம் நேர்மையானவை ஆகிவிடுமா? ஆகா என்பதை எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றே எமக்குக் கற்பித்தது.

கடன் என்னும் சொல்

எம் மகன் சிறுவனாக இருந்தபோது, கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு முறையும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியின் சாளரத்தோரம் அமர்ந்து ஆறுகளை எண்ணிக்கொண்டு வருவான். சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை என்று குறிப்பேட்டில் எழுதுவான். எந்த ஆற்றில் நீர் இருந்தது, எதில் மணல் இருந்தது என்றும் எழுதுவான். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியற் பிரிவில் சேர்த்தது எம் விருப்பம். சனவரி மாதத்து மூடுபனியில் நடந்த முன்தேர்வில் இயற்பியலில் அவன் மிகவும் பின்தங்கினான். அன்றிரவு, கல்லூரியில் புவியியல் பயில விரும்புவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

நாம் சினந்தோம். சினத்தின் உச்சியில், "உனக்காகத்தானே சொந்த ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து கிடக்கிறோம்!" என்றோம்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நீங்கள் தில்லிக்கு வந்துவிட்டீர்களே, அப்பா" என்றான்.

காப்பிக் குவளையுடன் நின்றிருந்த அவன் அன்னையார் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றுவிட்டார். எமக்கு விடை இல்லை. அவன் கூறியது உண்மை. நாம் தில்லிக்கு வந்தது அரசுப் பணி கிடைத்ததனால். ஊரில் பணி கிடைக்காததனால். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, அதை அவனுக்காகச் செய்த ஈகமாக நாமே நம்பத் தொடங்கியிருந்தோம்.

கடன் என்னும் சொல்லும் தமிழில் இரு பொருள் உடையது. செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பெற்றுக்கொண்டு திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். பிள்ளையைப் பேணிக் கற்பிப்பது முதற் பொருளில் பெற்றோரின் கடன். அக்கடனை நாம் செய்து முடித்தவுடன், அதையே இரண்டாம் பொருளில் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கடமையாகத் தொடங்கியது கடன் பத்திரமாக முடிகிறது. மதிப்பெண் என்பது அதற்குரிய வட்டியாகிறது.

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடன்களை வகுக்கும் முறை இங்கு நினைக்கத்தக்கது. அது போர்க்களத்தை மனத்தில் கொண்ட பாடல், அக்களம் நம்முடையதன்று. ஆனால், தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, இளைஞனுக்கு ஒன்று என்று அப்புலவர் ஐவர்க்கும் தனித்தனியே கடனைப் பிரித்துத் தருகிறார். தந்தையின் கடன் ஓரிடத்தில் நிறைவுறுகிறது. இளைஞனின் கடன் அவனுடையதாகவே நிற்கிறது. அதை அவனுக்காக வேறு எவரும் செய்வதில்லை. வழங்கியதைத் திருப்பிக் கேட்கும் பேச்சும் அங்கே இல்லை.

இரு மறுப்புகள்

இவ்விடத்தில் நண்பர்கள் இரு மறுப்புகளை எழுப்புவார்கள். இரண்டும் வலியுடையவை.

முதலாவது: பதினேழு அகவையில் பிள்ளைக்கு என்ன தெரியும்? இன்று புவியியல் என்பான்; நாளை வேறொன்று என்பான். அறிந்தவர் அறியாதவர்க்காகத் தீர்மானிப்பதுதானே முறை? இதற்கு எம் விடை இது: பிள்ளைக்கு உலகம் தெரியாது என்பது மெய்யே. ஆனால், நாம் அறிந்த உலகமும் பழையதாகிவிட்டது. 2021ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் சிலவற்றில் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு பெற்றால்தான் இடம் என்றிருந்தது. அடுத்த ஆண்டே பொது நுழைவுத் தேர்வு வந்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடமளிக்கும் அம்முறை மறைந்தது. மூத்த பிள்ளைக்குச் சொன்ன அறிவுரை இளைய பிள்ளைக்குப் பொருந்தாத காலம் இது. மேலும், தவறான தெரிவின் சுமையைத் தம் வாழ்நாளெல்லாம் சுமக்கப் போகிறவர் யாரோ, அவர் குரலின்றி அத்தெரிவைச் செய்வது நீதியாகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூரியது. ஒருவர் ஊதியத்தில் நால்வர் உண்ணும் குடும்பத்தில், பிள்ளையின் விருப்பம் என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு அல்லவா? ஆம், பணம் இல்லாத இடத்தில் எல்லாக் கதவுகளும் திறப்பதில்லை. ஆனால், இல்லாமையை இல்லாமை என்றே பிள்ளையிடம் கூறலாம். "இந்தக் கல்லூரிக் கட்டணத்தை என்னால் செலுத்த இயலாது, இவ்வளவுதான் இயலும், இதற்குள் நீ விரும்புவது எது என்று சேர்ந்து பார்ப்போம்" என்று ஒரு தந்தை கூறுவாரானால், அது பிள்ளையைச் சிறுமைப்படுத்துவது ஆகாது, பெரியவனாக மதிப்பதே ஆகும். தம் இயலாமையையும் தம் கனவையும் மறைத்து, "எல்லாம் உன் நன்மைக்கே" என்று கூறும்போதுதான் அன்பு வற்புறுத்தலாக மாறுகிறது.

துணை நிற்றல்

அப்படியாயின், பெற்றோர் கைகட்டி ஒதுங்கிவிடுவதா? இல்லை. விலகி நிற்பது வேறு. துணை நிற்பது வேறு.

ஏப்ரலில் வகுப்புத் தொடங்கும்போதே பிள்ளையோடு அமர்ந்து, அவர் விரும்பும் துறைகள் யாவை, அவற்றுக்குரிய நுழைவுத் தேர்வுகள் யாவை, விண்ணப்ப நாள்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். சான்றிதழ்களுக்கு அலைவது பெற்றோர் வேலை. பிறப்பிடச் சான்று போன்றவற்றைக் கடைசி வாரத்தில் ஊருக்குத் தொலைபேசி செய்து தேடாமல் முன்னரே பெற்று வைக்கலாம். முதல் விருப்பம் கைகூடாவிட்டால் அடுத்தது என்ன என்பதை, முடிவு வந்தபின் கண்ணீரோடு அன்றி, முன்னரே அமைதியாகப் பேசி வைக்கலாம். ஒரு பாடத்தில் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது. மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளத் துணைத்தேர்வு உண்டு என்பதையும் சொல்லி வைக்கலாம். உறக்கத்தைப் பறித்துப் பெறும் மதிப்பெண் நிலைப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. வெளியே இந்தியும் ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகள் தமிழைக் கேட்பது வீட்டில்தான். அந்த ஓராண்டில் நாம் அவர்களோடு பேசும் தமிழை எண்ணிப் பாருங்கள். படித்தாயா? எத்தனை மதிப்பெண்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு? தாய்மொழி அவர்கள் காதில் ஏவலாகவும் கேள்வியாகவும் மட்டுமே விழுகிறது. பின்னர் அவர்கள் தமிழை விரும்பவில்லையே என்று சங்க மேடையில் வருந்துகிறோம். நாள்தோறும் உணவு வேளையிலாவது, தேர்வைப் பற்றியல்லாத ஒரு செய்தியைத் தமிழில் பேசுவோமாக.

தேசியக் குற்ற ஆவணக் கழகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். காரணங்கள் பல, எல்லாவற்றையும் தேர்வின்மேல் ஏற்றுவது சரியன்று. ஆயினும், உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் துறந்து ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்குமுன், அருகில் அமர்ந்து கேட்பதே முதற்கடமை. மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. நடுவணரசு 2022இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி எண் 14416 என்பதை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்பது நலம்.

மேடையும் பின்வரிசையும்

எம் மகன் கதையின் எஞ்சிய பகுதியையும் மறையாமல் கூறிவிடுகிறோம். அவன் கேட்ட அக்கேள்விக்குப் பின்னரும் நாம் உடனே திருந்திவிடவில்லை. மதிப்பெண் குறைந்தது. விழாவிலிருந்து எழுந்து வந்தோம். மீண்டும் ஓராண்டு நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பினோம். அவனும் மறுக்காமல் சென்றான். அந்த ஓராண்டில் அவன் எம்மோடு பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இடம் கிடைக்கவில்லை. அதன்பிறகே புவியியலில் சேர்ந்தான். அத்தெரிவு அவனுக்குச் செல்வத்தைத் தருமா என்பதை இன்றும் நாம் அறியோம். ஆனால், அந்த ஓராண்டு அவனுடையது. அதை எடுத்துக்கொண்டவர் நாம். அதைத் திருப்பித் தர எம்மால் இயலாது. உண்மையில் கடன்பட்டவர் யார் என்று இப்பொழுது விளங்குகிறது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டார்கள். நம் சங்கமும் அதைப்பற்றி எண்ணிப் பார்க்கலாம். மிகுந்த மதிப்பெண் பெற்றவரைப் பாராட்ட வேண்டாம் என்று கூறவில்லை. உழைப்பைப் போற்றாத சமுதாயம் உயராது. ஆனால், அவ்வாண்டு பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகள் அனைவரையும் ஒருமுறை மேடைக்கு அழைத்து, அவர்கள் இனி என்ன செய்ய விரும்புகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் வாயால், தமிழில், இரண்டு சொற்றொடர்களில் கூறச் செய்யலாம் அல்லவா? பிழையாகக் கூறினாலும் கேட்போம். கேட்கப் பழகிய பெற்றோருக்குப் பின்வரிசையிலிருந்து எழுந்து செல்ல வேண்டிய தேவை இராது.