மூன்று சுவர்களின் சாட்சியம்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷர் மாவட்டத்தில், ரஷ்டன் பண்ணையில், சர் தாமஸ் ட்ரெஷாம் 1593இல் ஒரு சிறு கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். முயல் வளர்ப்பைக் கவனிக்கும் காவலர் தங்குவதற்கு என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதற்கு மூன்றே சுவர்கள். மூன்று தளங்கள், ஒவ்வொரு தளத்திலும் பக்கத்துக்கு மூன்று சன்னல்கள், ஒவ்வொரு சுவரின் தலையிலும் மூன்று முகடுகள். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் கல்லில் அறிக்கையிட்ட கட்டடம் அது.

ட்ரெஷாம் கத்தோலிக்கர். முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் எல்லோரும் அரசுத் திருச்சபையின் ஞாயிறு வழிபாட்டுக்குப் போயாக வேண்டியிருந்தது. 1581 முதல், போகாதவருக்கு மாதம் 20 பவுண்டு அபராதம். உள்ளத்தில் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள், உடம்பு மட்டும் கோயிலுக்கு வரட்டும் என்பதுபோல் இருந்தது சட்டம். பல கத்தோலிக்கர் அப்படியே போய் உட்கார்ந்து வந்தார்கள். கடவுள் நெஞ்சைப் பார்க்கிறார், அது போதாதா?

ட்ரெஷாமுக்குப் போதவில்லை. சிறையிலும் வீட்டுக்காவலிலுமாகப் பல ஆண்டுகள் கழித்தார். அபராதங்களும் சேர்ந்து அவரைக் கடனாளியாக்கின. ஆனாலும் லைவ்டன் என்ற இடத்தில் சிலுவை வடிவில் இன்னொரு கட்டடத்தைத் தொடங்கி, இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சின்னங்களைச் சுவரைச் சுற்றிச் செதுக்கவைத்தார். 1605இல் அவர் இறந்ததும் வேலை நின்றது. கூரை ஏறவே இல்லை.

அதே காலத்தில் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர் நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருந்தார். மாளிகைகளின் படிக்கட்டுக்கு அடியிலும் சுவர்களுக்கு இடையிலும் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கக் குருக்கள் ஒளிந்துகொள்ளச் சிற்றறைகள் அமைத்தார். ஹார்விங்டன் மாளிகையில் உள்ள சில அறைகள் அவர் கைவேலை என்று கருதப்படுகின்றன. 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். ஓர் அறையைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒருவர் வெளியே காட்டினார், மற்றவர் உள்ளே மறைத்தார். இருவரையும் இயக்கியது ஒரே தேவை. திருப்பலிக்கு அப்பமும் இரசமும் வேண்டும், பீடம் வேண்டும், குரு வேண்டும். அதை மனத்துக்குள் நிறைவேற்ற முடியாது. ஆகவே உடம்பை மட்டும் கேட்ட அந்தச் சட்டம், அந்த மக்களிடம் வழிபாடு முழுவதையுமே கேட்டுவிட்டது.

அதற்காக, பணிந்து போனவர்களைக் கோழைகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பல குடும்பங்களில் கணவர் ஞாயிறுதோறும் அரசுத் திருச்சபைக்குப் போய்ச் சொத்தைக் காத்தார். மனைவி போக மறுத்து, வீட்டில் குருவுக்கு இடம் கொடுத்தார். கணவர் அப்படிப் போனதால்தான் அந்த வீட்டுக் கூரை நிலைத்தது. அந்தக் கூரையின் கீழேதான் திருப்பலி நடந்தது.