முளைப்பாலிகையும் பிள்ளைகளின் படிப்பும்

நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் வீடுகளில் மண்ணிலே நவதானியம் விதைத்து, முளை வருவதைப் பார்த்து மகிழ்வது எமது வழக்கம். கல்யாண வீட்டு முளைப்பாலிகையும் அதன் ஒரு கிளைதான். நாம் வாழும் இந்தச் சிசிலித் தீவிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முன்வரும் பெரிய வியாழனன்று, இருட்டிலே முளைக்க வைத்த கோதுமைப் பயிரைத் தட்டுகளிலே கொண்டுவந்து தேவாலயங்களில் வைப்பார்கள். அந்தப் பயிர் நெடுநெடுவென்று உயர்ந்து, வெளிறிய மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படாத இலைக்குப் பச்சை நிறம் ஊறாது.

இதை வீட்டிலே செய்து பார்க்க ஒரு பிடி பயறும் இரண்டு கோப்பையும் போதும். ஒன்றை யன்னலோரம் வையுங்கள், மற்றதை அலுமாரிக்குள் வையுங்கள். சில நாட்களில் அலுமாரிப் பயிர்தான் உயரமாக நிற்கும். உயரத்துக்கு மட்டும் புள்ளி போட்டால் அதற்குத்தான் முதற்பரிசு கொடுக்க வேண்டும். ஆனால் அது விதைக்குள் இருந்த உணவைத் தின்றே வளர்ந்தது. அந்த உணவு முடிந்ததும் தானாகவே சாய்ந்துவிடும். யன்னலோரத்துப் பயிர் கட்டையாக நின்றாலும் தன் உணவைத் தானே ஆக்கத் தொடங்கியிருக்கும்.

முழுப் பிள்ளைக்கான கல்வி, இயற்கையோடு ஒட்டிய கல்வி என்று பெரியவர்கள் மேடைகளில் பேசுவதை ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. "எது நல்லாய் வளர்ந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும்.

எமது முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே "அ" எழுதுவிக்கிறோம். அந்த ஒரு கணத்தில் கையும் கண்ணும் நாவும் உணவும் தெய்வமும் எழுத்தும் ஒன்றாக நிற்கின்றன. பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலிலே விரலால் எழுதிப் பழகினார்கள். இத்தாலியில் மரியா மொன்ரிசோரி அம்மையார் உரகடதாசியில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகச் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

அந்த அம்மையார் தமது முதற் பள்ளியை 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் குடியிருப்பில் தொடங்கினார். தாயும் தகப்பனும் நாள் முழுவதும் வேலைக்குப் போய்விட, மாடிவீட்டிலே தனித்து விடப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. பிறர் வீட்டு வேலைக்குப் போய் இரவிலே திரும்பும் எங்களில் பலருக்கு இது புதுக் கதை அல்ல. (இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகளைக் கண்டால் அவர் என்ன சொல்வாரோ!) 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், இத்தாலி போரில் இறங்கியதால் திரும்பிப் போக முடியாமல் 1946வரை அங்கேயே தங்கினார். கொடைக்கானலில் இருந்த காலத்தில், செடியையும் பூச்சியையும் பிள்ளைகள் நேரே பார்த்து, ஒன்று மற்றதைத் தாங்கி நிற்பதை உணர்ந்து படிக்கும் முறையை வளர்த்தார். ஆகவே இத்தாலிக்காரி ஒருவர் தமிழ் மலையிலே முதிர்வித்த கல்வி இது எனலாம்.

பலெர்மோவுக்கு அண்மையிலும் ஒருவர் இருந்தார். தனிலோ தொல்சி 1952இல் திரப்பெத்தோ என்ற மீன்பிடி ஊருக்கு வந்து, பசியால் ஒரு குழந்தை இறந்ததைக் கண்டு உண்ணாவிரதம் இருந்தவர். 1956இல் பார்த்தினிக்கோவில் வேலையற்றோரைச் சேர்த்துச் சம்பளமின்றி ரோட்டுத் திருத்தியதற்காகச் சிறை சென்றவர். சிசிலியின் காந்தி என்று அவரை அழைத்தார்கள். 1975இல் பார்த்தினிக்கோவுக்கு அருகே மிர்த்தோ என்ற இடத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, தாம் எதை அறிய விரும்புகிறோம் என்று பேசுவார்கள். ஆசிரியர் மருத்துவிச்சி போன்றவர், பிள்ளையை அவர் பெறுவதில்லை, பிறக்க உதவுகிறார் என்பது சோக்கிரதீசிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட கருத்து. 1997இல் காலமானார்.

இனி எம்மவர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு. எங்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. தரப்படுத்தலில் பல்கலைக்கழக இடத்தை இழந்தவர்கள், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள், 1983க்குப் பின் வீடும் வளவும் விட்டு வந்தவர்கள் நாங்கள். கடல் கடந்து கொண்டுபோகக் கூடிய ஒரே சொத்துப் படிப்புத்தான் என்று நம்பியதில் என்ன குற்றம்? பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்நாட்டிலே சான்றிதழ் இல்லாதவருக்கு எந்த வேலை கிடைக்கும் என்பது எமக்குத் தெரியும்.

ஆனால் நாம் இழந்ததை ஈடுசெய்யும் கடனை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா? பிள்ளை அந்தக் கடனில் கையெழுத்து வைக்கவில்லையே. இத்தாலியப் பள்ளிக்கூடம், வீட்டுவேலை, தமிழ் வகுப்பு, பண்ணிசை, மிருதங்கம், பரதம் என்று கிழமை நிரம்பிவிடுகிறது. ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரீட்சை, ஒரு மேடை, ஒரு வீடியோ வந்து சேரும்போது பாட்டும் உயரம் அளக்கும் கோலாகிவிடுகிறது. பெற்றோரின் அன்பு புள்ளிகளைப் பொறுத்தது என்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கினால், அதை எந்தச் சான்றிதழைக் கொண்டு ஈடுசெய்வது?

இதற்கு எந்தச் செலவும் தேவையில்லை. சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்காக மொந்தே பெல்லெகிரினோ மலை ஏறும் குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். காலணியின்றி ஏறுபவர்களும் உண்டு. பிள்ளையை அவசரப்படுத்தாமல், அதன் நடைக்கு நீங்கள் நடவுங்கள். வழியிலே நாகதாளி நிற்கும். இந்நாட்டார் அதன் பழத்தை "இந்திய அத்தி" என்கிறார்கள். "அப்பா, இது எங்கட ஊர்ச் செடியா?" என்று பிள்ளை கேட்கும். இல்லை, அதன் தாயகம் மெக்சிக்கோ. கப்பலில் ஏறி இங்கேயும் வந்தது, எங்கள் ஊருக்கும் போனது. பெயர்தான் மாறி ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டு, பிள்ளை அடுத்து என்ன கேட்கிறது என்று பாருங்கள்.