வேலையை விட்டு வந்த பிள்ளை



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நான் வெளியே வருகையில் தகப்பன் ஒருவர் வழிமறித்தார். "சாமி, என் மகன் சென்னையிலே பார்த்த கம்பெனி வேலையை விட்டுட்டு வந்துட்டான். பகலெல்லாம் ஜப்பான்காரன் பொம்மைப் படம் பார்க்கிறான். நீங்க கண்டிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். கண்டிக்குமுன் படம் இன்னதென்று அறிவது நியாயமல்லவா? பையனை வரச்சொல்லி, அவனோடு உட்கார்ந்து இரண்டு பகுதி பார்த்தேன்.

'ஜோம் 100' என்பது அதன் பெயர். 2023-ம் ஆண்டு வெளிவந்தது. அகிரா என்னும் வாலிபன் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் இராப்பகலாய் உழைத்து உருக்குலைந்து போகிறான். ஒரு நாள் காலையில் நடைப்பிணங்கள் ஊரெங்கும் திரிந்து மனிதரைக் கடித்துத் தின்கின்றன. தப்பியோடும் அவனுக்கு, வேலைக்கு நேரமாயிற்றே என்றுதான் முதலில் பதற்றம். இனி வேலைக்கே போகவேண்டியதில்லை என்று சட்டென உணர்ந்ததும் ஆனந்தக் கூச்சலிடுகிறான். நான் சிரித்தேன். பையன் சிரிக்கவில்லை.

ஜப்பானில் இது வெறும் கற்பனையன்று. அளவுமீறிய வேலையால் வரும் சாவுக்கு அந்நாட்டார் 'கரோஷி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க 2014-ல் சட்டமும் இயற்றினார்கள். அதற்குப் பின்னும், 2015-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, டோக்கியோவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலைபார்த்த 24 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மாதத்தில் நூறு மணிக்கு மேல் அதிகப்படி வேலை செய்திருந்தாளென்று அரசாங்கமே பிறகு ஒப்புக்கொண்டது. நாம் குடில் முன் பாடிக்கொண்டிருந்த நாள் அது.

நம் நாட்டிலோ? 2024 ஜூலையில் புனே நகரில், வேலையில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுக் கேரளப் பெண், கணக்குத் தணிக்கையாளர், இறந்துபோனாள். வேலைச் சுமையே காரணமென்று அவளுடைய தாய் கம்பெனித் தலைவருக்குக் கடிதம் எழுதினாள், கம்பெனி மறுத்தது. நம் மாகாணத்திலும், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே மூன்றாம் நாளே நிறுத்திவைத்து, மே முதல் தேதி அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக 1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் ஏற்படுத்தினதை நீங்கள் அறிவீர்கள்.

தகப்பனார் கேட்டது இதுதான்: "நான் மூணு மணிக்கு எழுந்து டார்ச் விளக்கோடே மல்லிகை பறிக்கிறேன். நான் விட்டேனா?"

மெய்தான். ஆனால் மல்லிகை தன் வேலைக்குத் தானே எல்லை கட்டுகிறது. மொட்டு வாய் திறக்குமுன் பறித்து, நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அன்றைய பறிப்பு முடிந்தது. மார்கழிப் பனியில் பூ குறைந்துவிடும். செடியும் ஆறும், ஆளும் ஆறுவான். பையனுடைய வேலைக்கு எல்லை கட்டுவார் யார்? கைபேசி படுக்கை வரைக்கும் வருகிறது. ஞாயிறு பூசை வேளையிலும் அழைக்கிறது. இவன் எந்நேரம் வீட்டுக்கு வந்தான் என்பதைச் செடி அறியும், மேலதிகாரி அறியமாட்டார். (என் பையிலேயும் ஒரு கைபேசி இருக்கிறது என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.)

பஞ்சாலைகளை எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல் சீமையில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு நூற்றால் கலியாணத்துக்கு ஒரு தொகை கிடைக்குமென்று எத்தனை ஏழைப் பெண்களை அனுப்பினோம்! பெற்றோர் சம்மதித்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து கொடுக்கும் சம்மதம் ஓர் அநீதியை நீதியாக்காது என்று 1891-லேயே பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் நிருபத்தில் காட்டியிருக்கிறார். 2025 மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட 14-ம் சிங்கராயர், தாம் அந்தப் பெயரைப் பூண்டதற்கு அந்த நிருபத்தையே முக்கிய காரணமாகச் சொன்னார்.

"அப்போ சோம்பல் பாவமில்லையா, சாமி?" பாவந்தான். உழைக்க மனமில்லாதவன் சோற்றுக்கு வரவேண்டாமென்று அர்ச். சின்னப்பர் கண்டிப்பாய் எழுதியிருக்கிறார். ஆனால் வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் சோம்பலைப் பற்றிப் பேசும்போது, அது மூன்றாம் கற்பனைக்கு, அதாவது கர்த்தருடைய நாளை அனுசரிக்கும் கற்பனைக்கு விரோதமென்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. சர்வேசுரனிடத்தில் மனம் இளைப்பாற மறுப்பதே அந்தச் சோம்பலின் வேர். அப்படியானால் கட்டிலைவிட்டு எழாதவன் மட்டுமல்ல, ஏழு நாளும் ஓடிக்கொண்டிருக்கிறவனும் அந்தப் பாவத்தில் விழக்கூடும். 70 மணி, 90 மணி என்று பெரிய கம்பெனிக்காரர்கள் வாரக் கணக்குச் சொல்லும்போது இது என் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவும் சொல்லிப் பையன் பக்கமே சாய்ந்துவிட்டேனென்று எண்ணவேண்டாம். அவனிடமும் ஒன்று கேட்டேன். படத்தில் அகிராவுக்கு விடுதலை வருவது ஊரே செத்துப்போனதால்தான். கடன் கேட்க வங்கி இல்லை. வாடகை கேட்க ஆள் இல்லை. இன்பமாய்ச் செய்யவேண்டிய நூறு காரியங்களுக்கு அவன் ஜாப்தா எழுதுகிறான். உனக்கோ, படிப்புக்கடன் இருக்கிறது, தங்கை இருக்கிறாள், மூன்று மணிக்கு எழும் தகப்பன் இருக்கிறார். ஜீவனோடிருக்கும் ஊரில் நீ எப்படி விடுதலையாவாய்?

வெகுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு, "சாமி, அவன் ஜாப்தாவில் அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறதும் இருக்கு" என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை.

தகப்பனாரிடம் சொன்னேன்: "மகனைக் கண்டிக்க மாட்டேன். அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை ஞாயிறு பூசை கண்டான், அங்கே என்ன சாப்பிட்டான் என்று நீர் ஒருதரமாவது கேட்டீரா? சம்பளத்தைத்தானே கேட்டீர்! கடனுக்கு இன்னும் எவ்வளவு பாக்கியென்று இருவரும் ஒரு காகிதத்தில் எழுதும். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தால், உறவுக்காரர் பேச்சுக்குப் பயந்து தடுக்காதேயும். அதுவரை, தண்டனையாக அல்ல, துணையாக, அவனைத் தோட்டத்துக்கு அழைத்துப்போம்."

அடுத்த ஞாயிறு இருவரும் பூசைக்கு வந்திருந்தார்கள். எப்படிப் பறிக்கிறான் என்று விசாரித்தேன். "என்னிலே பாதிகூடப் பறிக்கலே, சாமி" என்றார் தகப்பன். "ஆனா நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிட்டான்."